வண்டி உடைக்கிறவன் கிணறு

அழுகுறதா இருந்தா கேட்டுக்கு வெளியில போயி அழுதுட்டு வாங்க சார். உள்ள வச்சு அழக் கூடாது. அது இந்தப் பட்டறையில சட்டம். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். இருபத்தாறு வருசமா கார் உடைக்கிறேன். ஒப்பாரி வைக்காம வண்டிய விட்டுட்டுப் போன ஆளை விரல் விட்டு எண்ணிரலாம். அப்பா ஓட்டுன வண்டி, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி, பொண்ணு பாக்கப் போன வண்டி. சரிய்யா, அம்புட்டுப் பாசம் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு ஆறு வருசமா வேப்ப மரத்தடியில போட்டு காக்காவுக்குக் கக்கூசாக்கி வச்சிருந்தீங்க? உங்களச் சொல்லல சார். உங்க வண்டி மேலயும் காக்கா எச்சம் இருக்கு, ஆனா உங்களச் சொல்லல.

உக்காருங்க. அது கார் பின் சீட்டுத்தான், ஸ்பிரிங் நல்லாருக்கும். மழை விடட்டும். மழையில நான் வண்டியத் தொட மாட்டேன்.

வர்ற வழியில, பைபாஸ்ல, ஒரு பச்சை போர்டு பாத்தீங்களா? பாக்காம எப்படி வந்திருப்பீங்க, வீட்டை விடப் பெருசா வச்சிருக்கானுக. ஒரு கார் படம், அது பானெட்டுக்குள்ள இருந்து ஒரு செடி முளைச்சு நிக்கும். 'பழைய வாகனம் தருவோம், பசுமை பூமி பெறுவோம்'. தருவோமாம், பெறுவோமாம். பானெட்டுக்குள்ள செடி முளைச்ச வண்டிய நான் ஒண்ணே ஒண்ணு பாத்திருக்கேன். அது ஒரு வாத்தியார் கொண்டாந்தது, உள்ள ஆலங்கன்னு. அந்தாளும் அழுதாரு.

மறுசுழற்சின்னு சொல்றானுகள்ல, அந்தப் பேரு வைக்கிறதுக்கு முன்னாடி இருந்து அந்த வேலையச் செய்றவன் நான். அந்தா தெரியுது பாருங்க டீக்கடை, அதுக்குக் கூரை ரெண்டு வேன் தகரம். ஊருக்குள்ள மூணு சலூன்ல என் சீட்டுத்தான் கெடக்கு. டயரு வாளியாகும், செருப்பாகும். ரேடியேட்டர் செம்பு பாத்திரக்காரனுக்குப் போகும். மிச்ச இரும்பு பூராம் உருக்காலைக்கு. மலைய வெட்டி, மண்ணை அள்ளி, அதுலருந்து இரும்பு எடுக்கிறானுகள்ல? நான் ஒரு வண்டி உடைச்சா அந்த வண்டி அளவுக்கு மலை மிச்சம். கணக்குப் பாத்தா ஒரு குன்றையே காப்பாத்தியிருப்பேன். எனக்கு எவன் சார் போர்டு வச்சான்? போர்டு வேணாம், கேட்டுல நோட்டீஸ் ஒட்டாம இருந்தாப் போதும். போன வருசம் மாசு ஆபீசுலருந்து ஒருத்தன் பசையோட வந்தான். என் கேட்டுலயே, என் ஏணிய வாங்கி, ஒட்டிட்டுப் போனான்.

அந்தப் பச்சை போர்டுக்காரங்ககிட்டதான் என் மருமகன் வேலை பாக்குறாப்ல. ஆமா சார், சொந்த மருமகன். சௌந்தரபாண்டின்னு பேரு. என் ஒரே மக ரஞ்சனிய அவருக்குத்தான் குடுத்தேன். மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டப்ப, 'வண்டி பிரிக்கிற கம்பெனியில சூப்பர்வைசர்'னாங்க. நான் குளுந்து போயிட்டேன். நம்ம தொழிலு, நம்ம பிள்ளை, நாளைக்கு நமக்குப் பின்னாடி இந்தச் சுத்தியலை எடுத்துக்கிடும்னு நெனச்சேன். கல்யாணத்தன்னைக்குக் கையப் பிடிச்சுப் பாத்தேன். பஞ்சு மாதிரி இருக்கு சார் உள்ளங்கை. கார் பிரிக்கிறவன் கையா அது? கேட்டா கையுறை போட்டுத்தான் வேலை பாப்பாங்களாம். அப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும். பந்தியில எலை போட்டுட்டாங்க.

இந்தக் கதையில குத்தம் யாரு மேலன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. வெளியாளு நீங்க, பொதுவாச் சொல்வீங்க.

இந்த இடத்தை நான் வாங்குனதே அந்தக் கிணத்துக்காகத்தான். அந்தா, தகரம் போட்டு மூடியிருக்குல்ல, அதுதான். கற்கண்டு மாதிரி தண்ணி. ஊரெல்லாம் காஞ்சு கெடந்த வருசம், நாலு தெருப் பொம்பளைங்க குடத்தோட என் கேட்டுல வரிசையில நின்னாங்க. நான் ஒருத்தரையும் வையல. என் பொண்டாட்டி விருமாயி தான் நின்னு இறைச்சு ஊத்துவா. 'தண்ணிக்குக் காசு வாங்குனா கிணறு கோவிச்சுக்கும்'பா. அப்புறம் ஒருத்தரும் வர்றதில்ல. தெருவுக்குக் குழாய் வந்துருச்சு, அதனால. வேற ஒண்ணும் காரணம் இல்ல. வாடை அடிக்குதுன்னு ஒரு கிழவி சொன்னா. அவ மூக்குப்பொடி போடுற கிழவி, அவளுக்கு எது வாடை எது வாசம்னு என்ன தெரியும்?

அதுவும் இல்லாம அது சாமி கிணறு சார். ஏன்னு சொல்றேன். ஒரு வண்டி வருதுன்னா, முன்னாடி கண்ணாடிக்குக் கீழ ஒரு சாமி இருக்கும். பிள்ளையாரு, முருகன், அந்தந்தக் குலசாமி. ஓனரு அழுவான், ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுவான், போட்டோ எடுப்பான். சாமிய மட்டும் மறந்துட்டுப் போயிருவான். நான் இஞ்சினை உடைப்பேன், கதவைப் பிளப்பேன், சாமி மேல மட்டும் சுத்தியல ஓங்க மாட்டேன். குப்பையில போட முடியுமா? அதனால அமாவாசைக்கு அமாவாசை, அந்த மாசத்துச் சாமிகளைப் பூராம் மஞ்சத் துணியில கட்டி, சூடம் காட்டி, அந்தக் கிணத்துல இறக்கிருவேன். மாதா செலையும் உண்டு. பாய் வண்டியில இருக்கிற அரபி எழுத்தை மட்டும் டீக்கடை பாய்ட்ட குடுத்துருவேன், அவரு பாத்துக்குவாரு. இருபத்தாறு வருசத்துச் சாமி சார் உள்ள. எந்தக் கோயில் தெப்பக்குளத்துல அம்புட்டுச் சாமி இருக்கு?

ஆயில் எங்க போகும்னு கேக்குறீங்களா? வண்டி கொண்டாற ஆள் எல்லாரும் இதைக் கேக்குறீங்க இப்பெல்லாம். டிவில சொல்லிக் குடுக்குறானுக போல. வண்டிய மேட்டுல நிப்பாட்டி, கீழ நட்டைக் கழட்டிவிட்டா தானா வடிஞ்சு போகும். பள்ளத்துல ஒரு குழி இருக்கு. கான்கிரீட் போடுற சென்ட்ரிங்காரங்க பலகையில பூச ரெண்டு டின் கேட்டு வருவாங்க, குடுப்பேன். பேட்டரி ஆசிட்டும் அந்தக் குழிதான். இத்தனை வருசத்துல அந்தக் குழி ஒரு நாளும் நெறஞ்சதில்ல சார். அம்புட்டு நல்ல மண்ணு.

மழை பேஞ்சா இந்தத் தரை பூராம் கலர் கலரா மினுங்கும். இப்பவும் பாருங்க. ரஞ்சனி சின்னப் பிள்ளையில வானவில்லு வானவில்லுன்னு கத்திக்கிட்டு அதுல குதிச்சு ஆடும். அவ ஆத்தா குச்சிய எடுத்துக்கிட்டு வெரட்டுவா, சட்டைக் கறை போகாதுன்னு. இன்னைக்கு அதே மகதான் மூக்கைப் பொத்துறா. பக்கத்துத் தோப்புக்காரன் கருப்பையா வேற, 'உன் ஆயில்லதான் என் தென்னை மண்டை காஞ்சு போச்சு'ன்னு பிராது குடுக்குறான். காண்டாமிருக வண்டு அடிச்சிருக்கு, வந்து பாருங்க. வண்டுக்கும் நானா சோறு போட்டு வளக்குறேன்?

பேட்டரி வேலை விருமாயிதுங்க. பேட்டரிய உடைச்சு, தகட்டைக் கிணத்தடியில கழுவி, இரும்புச் சட்டியில ஈயத்தைக் காச்சி அச்சுல ஊத்துவா. சோத்து அடுப்புக்குப் பக்கத்துலயே அந்த அடுப்பும் எரியும். ஒரு துளி சிந்த மாட்டா. அப்படிக் கை நயம். பெரிய பெரிய யாவாரியெல்லாம் 'இது விருமாயி காச்சுன ஈயமா'ன்னு கேட்டு வாங்குவான்.

போயிட்டா சார். நாலு வருசம் ஆச்சு. கால் வீங்குச்சு, அப்புறம் மூஞ்சி வீங்குச்சு. ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு தரம் கொண்டுபோயி ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டியாந்தேன், ரெண்டு வருசம். இங்க நின்னுச்சே எத்தனையோ வண்டி, ஒரு வண்டி ஓடாது, ஆட்டோவுலதான் போனோம். டாக்டரம்மா, 'வீட்டுல என்ன தொழில்'னு கேட்டுச்சு. 'இரும்பு யாவாரம்'னேன். பொய்யா அது? இரும்பு யாவாரந்தானே. ஈயத்தைப் பத்தி அது கேக்கல, நான் சொல்லல. விருமாயிக்குக் கருவாடு இல்லாம சோறு இறங்காது. உப்புத்தான் அவளைக் கொன்னுச்சு. அவ அம்மாவுக்கும் அதே வாகு உடம்புதான்.

கிட்னி போன ஆளு தண்ணி அளந்துதான் குடிக்கணும். ஒரு நாளைக்கு நாலு டம்ளர், அதுக்கு மேல தரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த நாலு டம்ளரும் சாமி தண்ணியா இருக்கட்டும்னு நானே காலையில குளிச்சுட்டு இறைப்பேன். துளசி போட்டு, அவ தலையத் தூக்கி, நானே குடுப்பேன். கடைசி வரைக்கும் நாந்தான் குடுத்தேன். வேற ஒருத்தரை விடல.

சரி அதை விடுங்க. மழை குறைஞ்ச மாதிரி இருக்கு. இல்ல, இன்னும் தூறுது. உக்காருங்க.

போன வருசம் ரஞ்சனி உண்டாச்சு. ஏழாம் மாசம் வளையல் போட்டு, இங்க, பட்டறைய ஒட்டுன வீட்டுக்கு வரச் சொன்னேன். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே, உங்க பக்கமும் அப்படித்தானே? தாய் இல்லைன்னா என்ன, தகப்பன் இருக்கேன்ல. உசிலம்பட்டியிலருந்து எங்க அக்காவைக் கூட்டியாந்து வச்சேன். புதுசா மின்விசிறி, புதுக் கட்டிலு. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு நானே அடிச்சேன். மக ஆட்டோவுல வந்து இறங்குது. பின்னாடியே ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நிக்குது. அதுல என்னங்கிறீங்க? தண்ணி கேனு. இருபது கேனு. தகப்பன் வீட்டுக்கு வர்ற பொம்பளப் பிள்ளை தண்ணியக் கொண்டுக்கிட்டு வருது சார்! சோத்தையும் கட்டிக்கிட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும்.

ரெண்டு நாள் பட்டறையிலயே கெடந்து இரும்பை உடைச்சேன். மூணாம் நாள் மாப்பிள்ளை வந்தாப்ல. சாப்பிட்டுட்டு, கை கழுவுற சாக்குல கிணத்தடிக்குப் போயி, ஒரு பாட்டில்ல தண்ணியப் பிடிச்சுப் பைக்குள்ள வச்சாப்ல. நான் பாத்துட்டேன். மாமனாரு வீட்டுல மாப்பிள்ளை என்னென்னமோ எடுத்துட்டுப் போவாங்க. தண்ணியத் திருடுன மாப்பிள்ளைய நான் ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன்.

எட்டாம் நாளு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுறாப்ல. எல்லாம் நம்பரு. 'மாமா, கிணத்துல காரீயம் இருக்கு. எண்ணெயும் இருக்கு. இதைக் குடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது. வயித்துப் பிள்ளைக்கு மூளையில ஏறும் மாமா'ன்னாப்ல. நான் கேட்டேன், 'ஏன் மாப்ள, அய்யர் வீட்டுல ஈயச் சொம்புலதான ரசம் வைக்கிறாங்க? அவுங்க பிள்ளைகதான எல்லாப் பரிச்சையிலயும் முதல்ல வருது?' அதுக்கு, 'அது வெள்ளீயம் மாமா, இது காரீயம்'னாப்ல. கருப்போ வெள்ளையோ, ஈயம் ஈயந்தானேய்யா. படிச்சவன் எப்பவும் இப்படித்தான், வாய அடைக்கணும்னா ஒண்ணை ரெண்டாப் பிரிச்சுருவான்.

காகிதத்தைக் கிழிச்சேன். மகளைப் பாத்துச் சொன்னேன், 'இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான்டி நீ வளந்த. காலேஜு முடிச்ச. உனக்கு மூளை எங்கயும் ஓடிப்போகலையே'ன்னேன். அது நிதானமாச் சொல்லுது சார். கத்தல, அழுகல. 'அம்மாவும் அதைத்தானப்பா குடிச்சுச்சு'ங்குது.

என்ன பேச்சு சார் அது? பெத்த தகப்பனைப் பாத்துச் சொல்ற பேச்சா? எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். கேனு ஒண்ணொண்ணா எடுத்து முத்தத்துல கவுத்தேன். அக்கா பிடிக்க வந்துச்சு, தள்ளி விட்டேன். கடைசிக் கேனைக் கவுத்துட்டு நிமிந்து பாத்தா, மக பைய எடுத்து வச்சுக்கிட்டு ஆட்டோவுக்குப் போன் பண்ணுது. வந்த எட்டாம் நாளே போயிருச்சு. ஏழு மாச வயித்தோட. ஊருல எவன் மகளாவது பிரசவத்துக்கு வந்துட்டு பிள்ளை பெறாமப் போயிருக்கா?

விடுவேனா? மறுநா நேரா அந்தக் கம்பெனிக்கே போனேன், நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னு. வாசல்லயே மறிச்சுத் தலையில ஒரு மஞ்சச் சட்டியக் கவுத்தானுக, இதைப் போட்டாத்தான் உள்ள விடுவோம்னு. சண்டைக்குப் போறவன் தலையில தொப்பி போட்டா எப்படி சார் சண்டை வரும்?

உள்ள பாத்தேன். சிரிப்பாணியா வந்துச்சு. கல்யாண மண்டபம் மாதிரித் தரை. அதுல பழைய வண்டியத் தூக்கி நிப்பாட்டி, சாகப் போற கிழவனுக்கு எனிமா குடுக்குற மாதிரி, ஒவ்வொரு ஓட்டையிலயும் குழாயச் சொருகி உறிஞ்சுறானுக. பெட்ரோலு ஒரு டேங்கு, ஆயிலு ஒரு டேங்கு, பிரேக்குத் தண்ணி ஒரு டேங்கு. ஏசியில இருக்கிற காத்தைக் கூட வெளிய விடக் கூடாதாம், சிலிண்டர்ல பிடிச்சு மூடி போட்டு வைக்கிறானுக. வெளிய விட்டா வானத்துக்குக் கெடுதலாம். காத்தைக் காத்தோட விட மாட்டேங்கிற கூட்டத்தை அங்கதான் பாத்தேன். பேட்டரிய உடைக்கவே மாட்டானுக. அப்படியே பெட்டியில அடுக்கி, அதுக்குன்னு ஒரு பேக்டரி இருக்காம், அங்க அனுப்புறானுக. அரை நாளுல ஒரு வண்டிதான். அந்த நேரத்துல நான் ரெண்டு வண்டிய எலும்பாக்கிருவேன்.

மாப்பிள்ளை ஓடி வந்தாப்ல. காபி குடுத்தாப்ல. மருவாதையில ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு டிரம்மு பக்கத்துல கூட்டிட்டுப் போயி, மூடியத் தொறந்து காட்டுறாப்ல. கரும்பிசின் மாதிரி ஆயிலு, வாய் வரைக்கும் நிக்குது.

'மாமா, இது ஒரு மாசத்து ஆயிலு. நீங்களும் நாங்களும் மாசத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு வண்டிதான் பிரிக்கிறோம். உங்க ஆயில் எங்க மாமா?'

'பூமித்தாய் குடிச்சிட்டா'ன்னேன்.

'இருபத்தாறு வருசம் மாமா. முன்னூறு டிரம்முக்கு மேல வரும். அம்புட்டையும் குடிச்சிட்டு அவ எங்க வச்சிருப்பா?'

காபி ஆறிக்கிட்டு இருந்துச்சு, குடிச்சிட்டு வந்துட்டேன். முன்னூறு டிரம்முங்கிறது எம்புட்டு இடம் அடைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? வர்ற வழியில பஸ்ல உக்காந்து யோசிச்சேன். இந்தப் பட்டறையில அடுக்குனா கேட்டுலருந்து கிணறு வரைக்கும் நிக்கும். சும்மா ஒரு யோசனை. பஸ்ல என்ன வேலை.

பேத்தி பொறந்துச்சு. மாப்பிள்ளைதான் போன்ல சொன்னாப்ல, பொட்டப் பிள்ளை, தாயும் பிள்ளையும் நல்லாருக்குன்னு. நான் போகல. ஏன் போகணும்? என் வீட்டுல பொறக்க வேண்டிய பிள்ளை. பதினாறாம் நாளு பேரு வைக்கக் கூப்பிட்டாங்க, போகல. தொண்ணூறாம் நாளு வரைக்கும் போகல. வைராக்கியம் இருக்கணும் சார் மனுசனுக்கு. அக்கா மட்டும் போயிட்டு வந்து, 'மூக்கு அப்படியே உன் மூக்குடா'ன்னுச்சு. இருக்கட்டுமே. மூக்கை வச்சு என்ன பண்றது?

போன வெள்ளிக்கிழமை. காலையில பதினோரு மணி இருக்கும். ஒரு வேன் இஞ்சினைப் பிளந்துக்கிட்டு இருக்கேன். கேட்டுல ஆட்டோ வந்து நிக்குது. பாத்தா ரஞ்சனி. தனியா வந்திருக்கு, கையில துணி சுத்துன பிள்ளை. உள்ள வரல. கேட்டுக்கு அங்கிட்டு, தார் ரோட்டுலயே நிக்குது. 'உள்ள வர மாட்டேன்ப்பா. ஆனா நீ பாக்காம இருக்கக் கூடாதுல்ல. இந்தா, பிடி'ன்னு பிள்ளைய ரெண்டு கையிலயும் ஏந்தி நீட்டுது.

நான் சொல்லலாம்ல, உள்ள வந்தாத்தான் வாங்குவேன்னு? மூணு மாசமா அதைச் சொல்லணும்னுதான் வச்சிருந்தேன். ஆனா வாயில வந்தது வேற. 'இரு, கைய கழுவிட்டு வாரேன்'னு ஓடுனேன். அம்பத்தெட்டு வயசு, முழங்கால் வலி. ஓடுனேன். மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுக் கரகரன்னு தேச்சேன். நகத்துக்குள்ள தேச்சேன். ரெண்டு வாளி இறைச்சு ஊத்துனேன். துண்டுல துடைச்சுக்கிட்டு கேட்டுக்கு வந்து கைய நீட்டுறேன், பிள்ளை முழிச்சுக்கிட்டு என்னையப் பாக்குது. அக்கா சொன்னது நெசந்தான். என் மூக்குத்தான். அது கைய வாயில வச்சுச் சப்பிக்கிட்டு இருந்துச்சு. எதைத் தொட்டாலும் வாய்க்குக் கொண்டுபோற பருவம் சார் அது. என் விரலைப் பிடிச்சா, நேரா வாய்க்குத்தான் கொண்டுபோகும்.

என் கைய நான் பாத்தேன். சுத்தமாத்தான் இருந்துச்சு. கழுவுன தண்ணி கிணத்துத் தண்ணி.

வாங்கல சார். என்னால வாங்க முடியல. 'கை ஈரமா இருக்கு, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்'னேன். ரஞ்சனி அப்படியே நீட்டிக்கிட்டே நின்னுச்சு. 'காயட்டும்ப்பா, நிக்கிறேன்'னுச்சு. சித்திரை வெயிலு. அந்த வெயில்ல ஈரம் எம்புட்டு நேரம் சார் நிக்கும்? காஞ்சு போச்சு. அதுக்கும் தெரியும் காஞ்சு போச்சுன்னு. 'வேலை கெடக்கு, இன்னொரு நாள் பாக்கலாம்'னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். அது என்ன நெனச்சிருக்கும்? கெழவனுக்குத் திமிரு அடங்கலைன்னு நெனச்சிருக்கும். நெனைக்கட்டும். பயம்னு தெரியுறதுக்குத் திமிருன்னு தெரியுறது தேவலை. பயமாத்தான் இருந்துச்சு சார். பொண்டாட்டி செத்தன்னைக்குக் கூட எனக்கு அப்படி இல்ல. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல.

தெரியாதுன்னா... என்ன தெரியாது? ஒண்ணும் இல்ல. கருவாடு சார். உப்பு. சொன்னேன்ல.

தகரம் எப்ப மூடுனதுன்னா? வெள்ளிக்கிழமை சாயங்காலம். காத்துல குப்பை விழுகுது, அதுக்காக.

ஆமா, மழை விட்டுருச்சு. பாத்தேன். சாவிய எங்கிட்ட ஏன் நீட்டுறீங்க? இன்னைக்கு அஷ்டமி. அஷ்டமியில நான் வண்டியத் தொட மாட்டேன். நாளைக்கு நவமி. நாளன்னைக்கா? நாளன்னைக்கு தசமி, நல்ல நாளுதான். நாளன்னைக்கும் மாட்டேன் சார். அந்தா நிக்குதே அந்த வேனு, பிளந்த இஞ்சினோட, அதுவும் வெள்ளிக்கிழமையிலருந்து அப்படியேதான் நிக்குது.

கோவிச்சுக்கிறாதீங்க. வண்டிய இழுத்து வந்த ஆளு இன்னும் டீக்கடையிலதான் நிக்கிறான், அவனையே கூப்பிடுங்க. வந்த வழியே பைபாஸுக்குப் போங்க. பச்சை போர்டு. தலையில சட்டி கவுப்பானுக, கவுத்துக்கிங்க, காது வலிக்காது. சௌந்தரபாண்டின்னு கேளுங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டு இருப்பாப்ல. நான் அனுப்புனேன்னு சொல்ல வேணாம். என் பேரையே எடுக்க வேணாம்.

அங்க போயி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வண்டிய வந்ததுமே கீழ குனிஞ்சு பாத்துட்டேன். ஆயில் நட்டு முனை தேஞ்சு மொழுக்கையாக் கெடக்கு. ஸ்பேனர் போட்டா வழுக்கும். அந்தப் பஞ்சுக் கைக்காரனுக அதுல ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில ஆயில் நிக்கிற சேம்பரையே உடைச்சு அம்புட்டையும் தரையில கொட்டிருவானுக. ஸ்பேனர் வேணாம்னு சொல்லுங்க. உளிய ஓரத்துல சாய்ச்சு வச்சு, மெதுவா மூணு தட்டு, இடப் பக்கமா. அசைஞ்சு குடுத்துரும். தட்டுறதுக்கு முன்னாடி கீழ டிரம்ம வச்சிரச் சொல்லுங்க. ஒரு சொட்டு மண்ணுல விழக் கூடாது.

இம்புட்டு விவரம் யாரு சொன்னான்னு கேப்பாப்ல. கேட்டா சொல்லிருங்க சார்.